முப்பது கிரெடிட்டா, நாலு கிரெடிட்டா: ஒன்ராறியோவில் வயது வந்தபின் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வழிகள்

உயர்நிலைப் பாடசாலை முடிக்க முப்பது கிரெடிட் என்று கேட்டதும் கதிரையை விட்டு எழும்பிப் போன ஆட்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் என் சித்தியின் மகன். முப்பத்தெட்டு வயது, இரவு ஷிப்ட், இரண்டு பிள்ளைகள். இலங்கையில், ஊரில் ஓ.எல் எனும் சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டிய வருடத்தில் இடம்பெயர்ந்து திரிந்தவன். "பிள்ளையள் யூனிவர்சிட்டி முடிச்சிடுவினம் அண்ணை, நான் இந்த முப்பதை முடிக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

அவன் எண்ணிப் பார்த்தது பதினாலு வயதுப் பிள்ளைக்கான கணக்கை. அவனுக்கு உரிய கணக்கு வேறு. அதில் அவன் வகுப்பில் இருந்து எடுக்க வேண்டியது குறைந்தபட்சம் நாலு கிரெடிட்தான். இதை ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பத்துப் பேரிடம் சொன்னால் எட்டுப் பேர் நம்புவதில்லை. அதனால் அவர்கள் குறுக்கு வழி என்று எதையாவது பிடிக்கிறார்கள். சிலருக்கு அது சரியாக வருகிறது. வேறு சிலர் இரண்டு வருடம் கழித்துத் திரும்ப முதல் படிக்கு வருகிறார்கள். நானும் ஒருமுறை அப்படித் திரும்பி வந்தவன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பிள்ளைகளுக்கான கணக்கைப் பார்த்துவிடுவோம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கிறது. ஒன்ராறியோ உயர்நிலைப் பாடசாலை டிப்ளோமாவுக்கு, அதாவது எல்லோரும் ஓஎஸ்எஸ்டி என்று சொல்வதற்கு, 30 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 110 மணித்தியாலப் பாடம். சித்தியடைய 50 வீதம். 2024க்கு முன் ஒன்பதாம் வகுப்புத் தொடங்கியவர்களுக்கு இதில் 18 கட்டாயப் பாடம், 12 விருப்பப் பாடம். 2024 செப்டெம்பரில் தொடங்கியவர்களுக்கு 17, 13 என்று மாறியது, தொழில்நுட்பப் பாடம் ஒன்றும் கட்டாயமானது. இவற்றோடு 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு, எழுத்தறிவுத் தேர்வு, இரண்டு ஒன்லைன் கிரெடிட். பெற்றோர் கையெழுத்திட்டு அந்த ஒன்லைன் கிரெடிட்டிலிருந்து விலகிக்கொள்ளலாம். "நாங்கள் பதின்மூன்று படிச்சனாங்கள்" என்று சில மாமாமார் இப்போதும் சொல்வார்கள். பதின்மூன்றாம் வருடமாக இருந்த ஓஏசி 2003 இல் எடுபட்டுவிட்டது, அதைத் தேடிப் போக வேண்டாம்.

இனி வயது வந்தவர்களுக்கு வருவோம்.

ஏ.எல் சித்தி இருந்தால் கொஞ்சம் பொறுங்கள்

எங்கள் ஆட்கள் செய்யும் மிகப் பெரிய வீண்வேலை, ஊரில் உயர்தரம் சித்தியடைந்துவிட்டு இங்கே வந்து "கனடா கிரேட் 12" எடுக்கப் போவது. இலங்கை ஏ.எல்லில் மூன்று பாடம் சித்தி இருந்தால் உங்களிடம் ஏற்கெனவே உயர்நிலைப் பாடசாலை முடித்த தகுதி இருக்கிறது. வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனத்திடம் பெறுபேற்றை அனுப்பினால் அதை இங்கத்தைய தகுதியோடு ஒப்பிட்டு எழுத்தில் தருவார்கள். ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் ஏ.எல் பெறுபேற்றை நேரடியாகவே பார்ப்பது வழக்கம். சான்றிதழ் தொலைந்திருந்தால் இலங்கைப் பரீட்சைத் திணைக்களத்திடம் வெளிநாட்டிலிருந்தே கேட்டுப் பெறலாம். ஆங்கிலத் தகுதியைத் தனியாகக் காட்டச் சொல்வார்கள். அது ஒரு பரீட்சையோடு முடியும், டிப்ளோமா முழுவதையும் திரும்ப எடுக்கிற வேலை இல்லை.

இந்த மதிப்பீட்டுக்குப் பிறகும் சில பாடங்கள் குறையலாம். ஏ.எல்லில் கலைப்பிரிவு படித்தவர் இங்கே தாதியர் படிப்புக்குப் போக உயிரியலும் இரசாயனவியலும் கேட்பார்கள். அந்த இரண்டையும் மட்டும் தனியாக எடுக்கலாம். டிப்ளோமா இல்லாமலே தனிக் கிரெடிட் பாடங்களில் சேர முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

பிளார்: முப்பது நாலாகும் இடம்

ஏ.எல் இல்லாதவர்கள், ஓ.எல்லோடு நின்றவர்கள், அதுவும் இல்லாதவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது பிளார். முன்பு படித்ததையும் பழகியதையும் மதிப்பிட்டுக் கிரெடிட் கொடுக்கும் முறை இது. 18 வயது தாண்டி, பகல்நேரப் பாடசாலையை விட்டுக் குறைந்தது ஒரு கல்வி வருடம் ஆகியிருந்தால் நீங்கள் "முதிர் மாணவர்". அப்போது கணக்கு இப்படிப் போகும்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புக்கு உரிய 16 கிரெடிட்டை, உங்களை மதிப்பிட்டுப் பார்த்து அதிபரே வழங்கலாம். ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், கனடா பற்றிய வரலாறு புவியியல் என்று சில மணித்தியாலத் தேர்வுகள் இருக்கும். இதற்குச் சான்றிதழ் எதுவும் வேண்டியதில்லை. பாடசாலையும் பதிவேடும் சேர்ந்து எரிந்துபோன ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

மீதி 14, பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உரியவை. அவற்றில் 10 வரை, பாடம் எடுக்காமலே, சமநிலையாகப் பெறலாம். ஊரில் படித்ததற்கான அத்தாட்சி, இங்கே வேலைத்தலத்தில் எடுத்த பயிற்சிச் சான்றிதழ், வேலை அனுபவக் கடிதம் எல்லாம் இதற்கு உதவும். ஃபோர்க்லிஃப்ட் சான்றிதழ், முதலுதவிப் பயிற்சி, உணவு கையாளும் பத்திரம் என்று வீட்டு லாச்சியில் கிடக்கும் காகிதம் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். எது எடுபடும் எது எடுபடாது என்பதை வழிகாட்டல் ஆசிரியர் தீர்மானிக்கட்டும், வெட்கப்பட்டு நாங்களே வடிகட்டிவிடக் கூடாது.

எஞ்சுவது நாலு. இந்த நாலை யாரும் சும்மா தர மாட்டார்கள், பாடமாக எடுத்தே ஆக வேண்டும். இந்த எண்ணிக்கை எல்லோருக்கும் நாலில் நிற்காது என்பதையும் சொல்ல வேண்டும். மேல் வகுப்பு ஆங்கிலம், கணிதம் போன்ற கட்டாயங்கள் நிறைவாக வேண்டும். காட்டுவதற்கு ஒன்றும் இல்லாதவருக்கு எண்ணிக்கை கூடும். ஆனாலும் முப்பதுக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்! வருடத்தை நாலு தவணையாகப் பிரித்து நடத்தும் வயது வந்தோர் பாடசாலையில் தவணைக்கு இரண்டு பாடம் எடுத்தால் நாலு கிரெடிட் இரண்டு தவணை வேலை.

எழுத்தறிவுத் தேர்வை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு இன்னொரு நல்ல செய்தி. பிள்ளைகள் அந்தத் தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். முதிர் மாணவர் தேர்வை எழுதாமல் நேரே எழுத்தறிவுப் பாடநெறியில் சேரலாம். அந்தப் பாடம் முடிந்தால் எழுத்தறிவுத் தேவையும் தீர்ந்தது, கையில் ஒரு கிரெடிட்டும் வந்தது. மேல் வகுப்பு ஆங்கிலக் கட்டாயத்துக்கும் அதைக் கணக்கில் எடுக்கலாம். சமூகத் தொண்டு மணித்தியாலம் எவ்வளவு என்பதை முதிர் மாணவருக்கு அதிபர்தான் முடிவுசெய்வார். நாற்பதைத் தேடிக் கோயில் கோயிலாகக் கடிதம் வாங்கித் திரிய முன் அவரிடம் கேளுங்கள்.

எங்கே போவது? கல்விச்சபைகள் நடத்தும் வயது வந்தோர் பாடசாலைகளுக்கு. ஸ்காபரோவில் மிட்லண்ட் அவெனியூவில் உள்ள ஸ்காபரோ சென்ரர் ஃபோர் ஆல்ட்டர்னேட்டிவ் ஸ்டடீஸ் எங்கள் ஆட்கள் பலர் போய் வந்த இடம். கத்தோலிக்கக் கல்விச்சபைக்கு மொன்சினியோர் ஃபிரேசர் இருக்கிறது. வேலை நேரம் இடம் கொடுக்காதவர்களுக்கு மாகாணக் கல்வித் தொலைக்காட்சியான டிவிஓ நடத்தும் ஐஎல்சி ஒன்லைனில் கிரெடிட் பாடம் தருகிறது. தனியே இருந்து படிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு அது கஷ்டம். இருபது வருடம் புத்தகம் திறக்காமல் இருந்துவிட்டு இரவு பதினொரு மணிக்குக் கணினி முன் தனியாகப் போராடுவதைவிட, பக்கத்து மேசையில் ஒரு சோமாலியத் தாயும் ஒரு பிலிப்பினோ அண்ணனும் இருந்து அதே பின்னத்தோடு மல்லுக்கட்டும் வகுப்பு எவ்வளவோ மேல்.

இன்னொன்று. சில கல்விச்சபைகள் பிஎஸ்டபிள்யூ எனும் பராமரிப்புப் பணியாளர் பயிற்சியையே கிரெடிட் பாடமாக நடத்துகின்றன. முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக நினைக்கும் அக்காமார் பயிற்சிக்குத் தனியாகவும் டிப்ளோமாவுக்குத் தனியாகவும் அலைய முன் இதை விசாரித்துப் பாருங்கள்.

நான் விட்ட பிழை

பாடக் குறியீட்டின் கடைசி எழுத்தை நான் கவனிக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலமோ கணிதமோ எல்லாம் ஒன்றல்ல. குறியீட்டின் முடிவில் யூ இருந்தால் பல்கலைக்கழகத்துக்கானது, சி இருந்தால் கல்லூரிக்கானது, எம் இரண்டுக்கும், ஈ வேலைத்தலத்துக்கு, ஓ பொதுவானது. எனக்கு ஒரு கணிதப் பாடம் குறைந்தது. ஈ வகை இலகு என்று சக மாணவர் சொன்னார், எடுத்தேன், தொண்ணூறு புள்ளியும் வந்தது. டிப்ளோமாவும் கிடைத்தது. பிறகு மின் தொழில்நுட்பப் படிப்புக்கு விண்ணப்பித்தால், சி வகைக் கணிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தொண்ணூறு புள்ளிக்கு அங்கே ஒரு பெறுமதியும் இல்லை. ஒரு தவணை வீண்.

டிப்ளோமாவுக்கு எந்த வகையும் போதும். அடுத்த படிப்புக்குப் போதுமா என்பது வேறு கேள்வி. பல்கலைக்கழகம் என்றால் டிப்ளோமாவோடு யூ அல்லது எம் வகையில் ஆறு பாடம் கேட்பார்கள், ஆங்கிலம் கட்டாயம் யூ வகையில். ஆகவே அந்த நாலு கிரெடிட்டும் எவை என்று முடிவெடுக்க முன், போக நினைக்கும் படிப்பின் நுழைவுத் தகுதிப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு வழிகாட்டல் ஆசிரியரிடம் போங்கள்.

கல்லூரிக்குத்தான் என்றால் ஏஸ்

போகுமிடம் கல்லூரி என்று நிச்சயமாகத் தெரிந்தால் டிப்ளோமாவை விட்டுவிட்டு ஏஸ் சான்றிதழைப் பார்க்கலாம். சென்ரெனியல், செனெக்கா, ஜோர்ஜ் பிரவுன், ஹம்பர் போன்ற கல்லூரிகளே நடத்தும் ஆயத்தப் படிப்பு இது. 19 வயது தாண்டியவர்களுக்கு, படிப்புக் கட்டணம் இல்லை. ஆங்கிலத் தொடர்பாடல், கணிதம், அதோடு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் போன்றவற்றில் தேவையானதைப் படிக்கலாம். ஒன்ராறியோக் கல்லூரிகள் இதைப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமாக ஏற்கின்றன.

டிப்ளோமாவோடு ஒப்பிட்டால் இதன் அழகு, தேவையில்லாத பாடம் ஒன்றையும் படிக்க வேண்டியதில்லை என்பது. பிராக்டிக்கல் நேர்சிங் எனும் தாதியர் படிப்புக்குப் போகும் ஒருவர் ஆங்கிலம், கணிதம், உயிரியல், இரசாயனவியல் நாலையும் ஏஸில் முடித்து அதே கல்லூரிக்குள் நடந்து போகலாம். உங்கள் மட்டத்தில் தொடங்கி உங்கள் வேகத்தில் போகலாம். பின்னம் மறந்தவருக்குப் பின்னத்திலிருந்தே சொல்லித் தருவார்கள்.

குறை என்னவென்றால், கையில் வருவது டிப்ளோமா இல்லை. பல்கலைக்கழகத்துக்கு இதை வைத்து நேரே போகலாம் என்று நம்பக் கூடாது. கல்லூரியில் இரண்டு வருடம் முடித்து அங்கிருந்து மாறுவதுதான் வழக்கமான பாதை. வேலை விண்ணப்பத்தில் "டிப்ளோமா அல்லது அதற்குச் சமமானது" என்று இருந்தால் ஏஸைக் காட்டலாம். வெறும் டிப்ளோமா என்று மட்டும் இருந்தால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டி வரும். தொழிற்பயிலுனராகப் போகிறவர்களுக்கும் ஏஸ் நல்லது. பல தொழில்களில் சட்டப்படி பத்தாம் வகுப்பே போதும் என்றாலும், யூனியன்களும் முதலாளிமாரும் பன்னிரண்டு கேட்பது சாதாரணம்.

ஜிஇடி இனி இல்லை

"ஜிஇடி எழுது, ஒரே நாளில் முடிஞ்சிடும்" என்று இப்போதும் அறிவுரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். உயர்நிலைப் பாடசாலை முடித்ததற்குச் சமம் என்று காட்ட, 1942 இல் அமெரிக்கா தன் படைவீரர்களுக்காகத் தொடங்கிய பரீட்சை அது. கனடாவில் 2024 மே மாதத்தோடு நின்றுவிட்டது. அதன் இடத்தில் வந்தது சிஏஈசி என்ற கனடியப் பரீட்சை: வாசிப்பு, எழுத்து, கணிதம், விஞ்ஞானம், சமூகக் கல்வி என்று ஐந்து தாள். முன்பு ஜிஇடி முடித்தவர்களின் சான்றிதழ் செல்லும், புதிதாகத் தொடங்குகிறவர்கள் சிஏஈசிக்குத்தான் போக வேண்டும்.

இது யாருக்குப் பொருந்தும்? ஆங்கிலத்தில் வேகமாக வாசிக்கக்கூடிய, வகுப்புக்குப் போக நேரமே இல்லாத, வேலைக்கு ஒரு தாள் மட்டும் தேவைப்படுகிற ஆளுக்கு. இங்கே வளர்ந்து, பதினேழு வயதில் ஏதோ கோபத்தில் பாடசாலையை விட்ட தம்பிமாருக்கு இது கைகொடுக்கும். ஊரிலிருந்து பெரிய வயதில் வந்தவர்களுக்கு நான் இதை முதலில் சொல்ல மாட்டேன். சமூகக் கல்வித் தாளில் கனடாவின் அரசமைப்பு, வரலாறு எல்லாம் ஆங்கிலப் பந்திகளாக நீளும். விஞ்ஞானத் தாளும் பாதி வாசிப்புத்தான். ஊரில் கணிதத்தில் சூரனாக இருந்தவரும் வாசிப்பு வேகத்தில் மாட்டிக்கொள்வார். வகுப்பு என்றால் பிழைவிட்டுத் திருந்த இடம் இருக்கிறது, பரீட்சை மண்டபத்தில் அது கிடைக்காது.

இன்னொரு முடக்கம், இது கிரெடிட் தருவதில்லை. உயிரியல் கேட்கும் படிப்புக்குச் சிஏஈசியின் விஞ்ஞானத் தாளைக் காட்ட முடியாது. சான்றிதழை வாங்கிய பிறகு அந்த ஒரு பாடத்துக்காக மறுபடி வயது வந்தோர் பாடசாலைக்கோ ஏஸுக்கோதான் வர வேண்டும்.

ஒன்லைனில் "வீட்டிலிருந்தே இரண்டு கிழமையில் டிப்ளோமா" என்று வரும் விளம்பரங்களைப் பற்றி ஒரு வரி. பெரும்பாலானவை எல்லைக்கு அப்பாலிருந்து வருபவை, இங்கே செல்லாது. உள்ளூர்த் தனியார் பாடசாலை என்றால் கிரெடிட் வழங்க அமைச்சின் அனுமதி இருக்கிறதா என்று அமைச்சின் பட்டியலிலேயே பார்க்கலாம். அனுமதி இருந்தாலும், இலவசமாகக் கிடைக்கும் பாடத்துக்கு ஐந்நூறு ஆயிரம் என்று கொடுக்க வேண்டிய தேவை அநேகமாக யாருக்கும் இல்லை.

ஒன்றும் எடுக்காமல் உள்ளே போவது

இதுவும் ஒரு வழிதான். 19 வயது தாண்டியவர்களைக் கல்லூரிகள் முதிர் மாணவராக, ஆங்கிலத்திலும் கணிதத்திலும் ஒரு தேர்வு வைத்து எடுக்கின்றன. எல்லாப் படிப்புக்கும் இது நடக்காது, விஞ்ஞானப் பாடம் கேட்கும் படிப்புகளில் பிடிவாதமாக இருப்பார்கள். பல்கலைக்கழகங்களிலும் இதற்குத் தனி வாசல் உண்டு. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் வூட்ஸ்வேர்த் கல்லூரி நடத்தும் அகடமிக் பிரிட்ஜிங், டிப்ளோமா கையில் இல்லாதவர்களையும் ஒரு பாடத்தில் சேர்த்துப் பார்த்து, நன்றாகச் செய்தால் பட்டப்படிப்புக்குள் எடுக்கிறது. அதற்குக் கட்டணம் உண்டு, ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் பலமும் வேண்டும். நன்றாக வாசிக்கிற, எழுதுகிற, ஏதோ காரணத்தால் படிப்பு நின்றுபோன ஒருவருக்கு முப்பது கிரெடிட் பேச்சே தேவையில்லை.

ஆனால் உள்ளே போனபின் தடுமாறினால் அங்கே தாங்கிப் பிடிக்க ஆள் குறைவு. படிப்பை இடையில் விட்டால் கையில் டிப்ளோமாவும் இல்லை, பட்டமும் இல்லை, கடன் மட்டும் இருக்கும். அதனால்தான் சந்தேகம் உள்ளவர்களை நான் பிளாருக்கே அனுப்புகிறேன். அங்கே எடுக்கும் ஒவ்வொரு கிரெடிட்டும் பதிவேட்டில் நிற்கும். பிள்ளைக்குச் சுகமில்லை, ஷிப்ட் மாறிவிட்டது என்று இரண்டு வருடம் விட்டாலும் திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். நேரத்தை மட்டும் வைத்து ஒப்பிட்டால் சிஏஈசி வெல்லும். எங்கள் ஆட்களின் வாழ்க்கை எத்தனை தரம் இடையில் அறுந்து ஒட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்து ஒப்பிட்டால் எனக்குக் கிரெடிட் வழிதான் மேலாகப் படுகிறது.

சித்தியின் மகன் கடைசியில் போனான். உடனே இல்லை, ஏழு மாதம் கழித்து. அவனுக்கு எலெக்ட்ரிசியன் வேலை பழக வேண்டும், யூனியன் பன்னிரண்டாம் வகுப்புக் கேட்கிறது. ஏஸ் எடுக்கலாம் என்றேன். தனக்கு டிப்ளோமா என்று எழுதிய காகிதம்தான் வேண்டும், மகளுக்குக் காட்ட வேண்டும் என்றான். அதற்கு மேல் நான் ஒப்பிட்டுக் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. மதிப்பீட்டுத் தேர்வில் ஒன்பது, பத்துக்கான 16 கிரெடிட்டும் கிடைத்தது. ஊர் அத்தாட்சி ஒன்றும் இல்லாததால் மேல் வகுப்பில் ஆறு கிரெடிட் மட்டும் சமநிலையாகக் கொடுத்தார்கள், எட்டுப் பாடம் மிச்சம். எழுத்தறிவுப் பாடநெறியை முதலில் எடுத்திருக்கிறான். கணிதத்துக்குப் பதியும்போது குறியீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பினான். கடைசி எழுத்து சி.